பேசாதவர்களின் மைக்

நாடகத்துக்கு ஒரு மிக்ஸர் பார்க்கிறோம் என்று சொன்னால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை சேனல் சார் வேணும்?" என்பதுதான். கச்சேரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அது சரியான கேள்வி. நாடகத்துக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு. பேசாமல் நிற்பவரின் மைக்கை எவ்வளவு சீக்கிரம் மூட முடியும்?

கச்சேரியில் மைக்குகள் எல்லாம் திறந்தே இருக்கும். மிருதங்கக்காரர் வாசிக்காமல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போதும் அவர் முன்னாலிருக்கும் மைக்கை யாரும் மூடுவதில்லை. சவுண்ட்காரர் முதல் பத்து நிமிடத்தில் அளவுகளைச் சரிசெய்துவிட்டால், தனி ஆவர்த்தனம் வரை காப்பி குடிக்கக்கூடப் போய்வரலாம். நாடகம் அப்படியில்லை. ஒன்பது பேர் உடம்பில் ஒன்பது மைக். எந்தக் கணத்திலும் பேசுவது ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். மற்ற ஏழு மைக்குகளும் மூச்சையும், புடவைச் சரசரப்பையும், திரைக்குப் பின்னால் "தண்ணி எங்கடா?" என்று கேட்பதையும் ஸ்பீக்கருக்கு அனுப்பத் தயாராகக் காத்திருக்கின்றன.

அதற்கு மேல் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுமே கணக்கு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், 'ஊய்ங்' என்று கூவாமல் ஏற்றக்கூடிய ஒலியளவு 3 டெசிபல் குறையும். ஒரு மைக்கிலிருந்து எட்டு மைக்குக்குப் போனால் 9 டெசிபல் போயிற்று. அடுத்தது, இருவர் நெருங்கி நிற்கும்போது ஒருவரின் குரல் இரண்டு மைக்குகளிலும் ஏறும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. இரண்டாவது மைக் 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அந்தக் குரல் அங்கே 1 மில்லி செகண்ட் பிந்தி வரும். இரண்டையும் சமமாகக் கலந்தால் 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ், 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழிகள் விழும். கேட்பவருக்கு இந்த எண்கள் தெரியாது. மேடையில் அம்மாவும் மகனும் கட்டிப்பிடித்து அழும் இடத்தில், திடீரென்று இருவரும் தகர டப்பாவுக்குள் போய்விட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

மூன்று மாதம் நான் மிக்ஸர் தேடி அலைந்ததன் சாரம் இதுதான். ஆனால் எங்கள் குழுவுக்கு மைக் எதற்கு வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முப்பது வருடமாக மைக்கே தொடாத குழு இது.

*

தமிழ் மேடைக்கும் மைக்குக்கும் இருக்கும் உறவு கொஞ்சம் விசித்திரமானது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் நடிகனின் தொண்டைதான் ஒலிபெருக்கி. எஸ்.ஜி. கிட்டப்பா 1933ல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உச்சஸ்தாயியில் நின்று பாடுவது அன்றைக்கு அழகு மட்டுமல்ல, கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கியவனுக்குச் செய்யும் கடமையும்கூட. தெருக்கூத்தில் குரல் ஏன் அவ்வளவு இறுகி, அவ்வளவு மேலே நிற்கிறது என்பதற்கும் ஒரு காரணம் இதுதான். விடியவிடிய திறந்தவெளியில் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும்.

பிறகு சபா நாடகங்கள் வந்தன. மேடைக்கு மேலே மூன்று நான்கு மைக்குகள் தொங்கும். நீங்கள் சபா நாடகம் பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முக்கியமான வசனம் வரும்போது பாத்திரங்கள் காரணமே இல்லாமல் எழுந்து, இரண்டடி முன்னால் வந்து, சபையைப் பார்த்துப் பேசுவார்கள். சோபாவில் உட்கார்ந்து மனைவியிடம் சொல்ல வேண்டிய ரகசியத்தை மேடை நுனிக்கு வந்து சொல்வார்கள். அங்கேதான் மைக் தொங்குகிறது. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை இயக்குநருக்கு முன்னால் மைக்செட்காரர் தீர்மானித்துவிடுவார்.

எங்கள் இயக்குநரின் கோபம் அங்கிருந்து தொடங்குகிறது. நாங்கள் அவரை வாத்தியார் என்போம். 1977ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும், அதைச் சுற்றி எழுந்த நவீன நாடக இயக்கமும் நடிகரின் உடலையும் குரலையும் அடிப்படையாக எடுத்துக்கொண்ட காலத்தில் நாடகம் பார்த்து வளர்ந்தவர். "மைக் வெச்சா நடிகன் மைக்குக்குத்தான் நடிப்பான். எதிர்ல நிக்கிறவனுக்கு நடிக்க மாட்டான்" என்பார். ஒத்திகையில் கடைசி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, "கேக்கல" என்று ஒரே சொல்லை நூறு தடவை சொல்லி எங்களைத் தயார் செய்தவர்.

அவரோடு இருபத்தைந்து வருடமாக நடிப்பவர் எங்கள் அக்கா. பகலில் பள்ளிக்கூட ஆசிரியை. போன வருடம் அவருக்குத் தைராய்டு அறுவைசிகிச்சை நடந்தது. குரல்நாண்களை இயக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டித்தான் போகிறது. அதனால் இந்த அறுவைசிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் குரல் பலவீனப்படுவதுண்டு. அக்காவுக்கும் அப்படி ஆயிற்று. பேச்சு வருகிறது, வீச்சு வரவில்லை. பத்தடி தாண்டினால் காற்று மட்டும்தான்.

புது நாடகத்தின் மையப் பாத்திரம் அவருக்காகவே எழுதப்பட்டது. அரங்கு 300 பேர் உட்காரக்கூடியது. ஏசியின் இரைச்சல் எப்போதும் இருக்கும். வேறு ஒரு நடிகையைப் போடலாம் என்று குழுவில் இரண்டு பேர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அக்கா அந்தக் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. முடிந்து செருப்பு மாட்டும்போது என்னிடம் வந்து, "தம்பி, கத்துற குரல்தான் போயிடுச்சு. பேசுற குரல் இருக்கு. அது போதுமா உன் பெட்டிக்கு?" என்றார்.

அக்காவுக்கு மட்டும் மைக் வைப்பது நடக்காது. ஒரு குரல் ஸ்பீக்கரிலிருந்தும் எட்டுக் குரல்கள் மேடையிலிருந்தும் வந்தால் அது நாடகமாக இராது, மேடையில் ஓர் அறிவிப்பாளர் நிற்பதுபோல் இருக்கும். வைத்தால் ஒன்பது பேருக்கும் வைக்க வேண்டும். குழுவின் கணக்கில் இரண்டு லட்சத்துச் சொச்சம் இருந்தது. ஒத்திகைக்கு ஓர் இடம் வாடகைக்குப் பிடிக்க அட்வான்ஸாக நான்கு வருடமாகச் சேர்த்த பணம். கம்பியில்லா மைக்குகளை வாடகைக்கு எடுக்கலாம். மிக்ஸரையும் அப்படியே எடுக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு காட்சிக்கும் யார் மைக் திறந்திருக்க வேண்டும் என்பதை மேசையில் முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். வாரக்கணக்கில் அதே மேசையில் கைப்பழக்கம் வேண்டும். நடிகர்கள் ஒத்திகை பார்ப்பதுபோல நானும் ஒத்திகை பார்க்க வேண்டும். நாடக நாள் காலையில் வேனில் வந்து இறங்கும் மேசையில் அது நடக்காது.

*

கடைகளுக்கும் வாடகைக்காரர்களிடமும் போகும்போது நாடகப் பிரதியின் 14ஆம் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் காட்சி. ஏழு பேர், 41 வசனங்கள், மூன்று நிமிடம். ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் குறுக்கிடுவார். அக்கா அதில் இரண்டே சொற்கள் பேசுவார், அதுவும் முணுமுணுப்பாக. அந்தப் பக்கத்தை ஒரு மேசையில் பிழையில்லாமல் ஓட்ட முடிந்தால் மற்றதெல்லாம் ஓடும்.

லண்டனிலும் நியூயார்க்கிலும் இசை நாடகங்களில் இதை வரிக்கு வரி கலப்பது என்பார்கள். சவுண்ட் ஆபரேட்டர் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, யாருடைய வரியோ அவருடைய ஃபேடரை அந்த வரி தொடங்கும் முன் ஏற்றி, முடிந்ததும் இறக்குவார். பியானோ வாசிப்பதற்கு மிக நெருக்கமான வேலை. இதில் டிசிஏ என்ற ஏற்பாடுதான் உயிர். ஒலி அந்த ஃபேடர் வழியாகப் போவதில்லை. சேனல்களைத் தூரத்திலிருந்து ஏற்றி இறக்கும் கடிவாளம் அது, அவ்வளவுதான். காட்சிக்கு ஏற்ப அந்தக் கடிவாளத்தில் யாரைக் கட்டுவது என்பதை மாற்றிக்கொண்டே போகலாம். முதல் காட்சியில் 1ஆம் ஃபேடர் அப்பா. இரண்டாம் காட்சியில் அப்பா இல்லை, அதே ஃபேடரில் தபால்காரர். ஒரு பொத்தானை அழுத்தினால் மேசை தன்னை மாற்றிக்கொள்ளும். எங்கள் நாடகத்தில் ஒரே நேரத்தில் மேடையில் ஏழு பேருக்கு மேல் இல்லை. ஆகவே எட்டு டிசிஏ, எட்டும் ஒரே கையெட்டும் தூரத்தில். இது முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்காது. காட்சி மாற்றத்துக்குப் பொத்தானை அழுத்தும்போது மேசை எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். உதாரணம்: நாடக நாளன்று ஒரு நடிகருக்குச் சளி. முதல் காட்சியிலேயே அவர் குரலில் மூக்கடைப்பைக் குறைக்க டோனை மாற்றுகிறேன். இரண்டாம் காட்சிக்குப் பொத்தானை அழுத்தியதும் மேசை 'நீ ஒத்திகையில் இப்படித்தானே வைத்திருந்தாய்' என்று பழைய டோனுக்குப் போய்விட்டால் என் வேலை வீண். காட்சிக்கு யார் என்பது மட்டும் மாற வேண்டும். அவர் குரல் எப்படி என்பது நான் கடைசியாக வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். டிஜிட்டல் மேசை எதுவானாலும் அது ஒரு கணினி. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் பழைய அனலாக் மிக்ஸர் ஒரு 'டப்' சத்தத்தோடு உடனே எழுந்துவிடும். டிஜிட்டல் மேசை கண் விழித்துச் சோம்பல் முறிக்க அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். நாடகத்தில் அரை நிமிட மௌனம் என்றால் சபையில் பாதிப்பேர் போனை எடுத்துவிடுவார்கள். கடையில் நான் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தபோது கடைப்பையன் பதறிப்போனான். எந்த மேசையானாலும் யுபிஎஸ் இல்லாமல் நடக்காது என்பது அந்தப் பதற்றத்தில் உறுதியாயிற்று.

நான்காவது, உருவம். கடைசி வரிசையில் எங்களுக்குக் கிடைக்கும் இடம் இரண்டு நாற்காலி அகலம். பக்கத்து நாற்காலியில் டிக்கெட் வாங்கியவர் இருப்பார். இருட்டில் திரை வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்கக்கூடாது, மேசையின் மின்விசிறி அவர் காதில் இரையக்கூடாது. நாடகம் முடிந்ததும் கால் டாக்ஸி டிக்கியில் ஏற வேண்டும்.

*

இனி மேசைகள். விலையில் கீழே இருந்தது பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18. ஒரு சின்னப் பெட்டி, 16 மைக் ப்ரீஆம்ப்கள், ஃபேடர் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் டேப்லெட்டில். கல்லூரி பேண்ட் நண்பர்கள் பலரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது கச்சிதம். 14ஆம் பக்கத்தை ஓட்டினேன். கண்ணாடிக்கு விளிம்பு இல்லை. விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தெரியாது. எனக்கு இருப்பது இரண்டு கண், ஒன்று பிரதிக்கு, ஒன்று மேடைக்கு. மூன்றாவது கண் கிடைத்தால் டேப்லெட்டில் நாடகம் கலக்கலாம்.

யமஹா டிஎம்3 2023ல் வந்தது. 6.5 கிலோ. ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். 16 மைக் உள்ளீடு, 9 அங்குலத் தொடுதிரை, 96 கிலோஹெர்ட்ஸ். பார்த்தவுடன் மனம் போய்விட்டது. ஆனால் ஃபேடர் எட்டும் மெயின் ஒன்றும்தான். அவற்றில் டிசிஏக்களை வைத்துவிட்டால், நடுவில் ஒரு நடிகரின் சேனலைத் தனியாகத் தொட வேறு அடுக்குக்குத் தாவ வேண்டும். தாவி, சரிசெய்து, திரும்பி வருவதற்குள் அப்பா தன் வரியைப் பேசி முடித்திருப்பார். பாட்டும் பேச்சுமாக நாலு பேர் நடிக்கும் நாடகம் என்றால் யோசிக்காமல் இதை வாங்குவேன்.

ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ-5 நாடகத்துக்கு எல்லாம் தெரிந்த மேசை. 17 ஃபேடர், 48 சேனல், 96 கிலோஹெர்ட்ஸ், 300 காட்சிகளைப் பதிந்துவைக்கலாம். விலையைக் கேட்டுவிட்டு அதன்மேல் ஒருமுறை கையை ஓட்டிப் பார்த்தேன். தெருவுக்கு வந்து டீ குடித்தேன்.

மிச்சம் இருந்தது பெஹ்ரிங்கர் எக்ஸ்32 காம்பாக்ட். 2012ல் வந்த எக்ஸ்32 வரிசையின் சின்ன உடம்பு. புதுசு என்று சொல்ல முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ்தான். ஆனால் அதன் முகத்தைப் பாருங்கள். இடது பக்கம் எட்டு ஃபேடர்கள் சேனல்களுக்கு. வலது பக்கம் எட்டு ஃபேடர்கள், டிசிஏ எட்டையும் அப்படியே வைக்கலாம். ஓரத்தில் மெயின். வலது கை வரிகளை வாசிக்கும்போது இடது கை சளி பிடித்தவரைச் சரிசெய்யலாம். காட்சிகள் 100 பதியலாம். அவற்றோடு, தேர்ந்தெடுத்த அமைப்புகளை மட்டும் மாற்றும் ஸ்னிப்பெட் என்ற வசதியும் உண்டு. என் இரண்டாவது நிபந்தனைக்கு அதுவே விடை. 12 வருடத்துக்கு மேலாகச் சந்தையில் இருப்பதால் பழையதாகவும் கிடைக்கும், பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள். ஒரு நண்பரிடம் இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினேன்.

முதல் நாள் 14ஆம் பக்கத்தில் ஒன்பது வரிகளின் முதல் சொல் போயிற்று. ஐந்தாம் நாள் மூன்று. பத்தாம் நாள் ஒன்றும் போகவில்லை. அதற்குள் ஒன்று புரிந்தது. வசனம் தொடங்கிய பிறகு ஃபேடரை ஏற்றினால் எப்போதும் தாமதம்தான். நடிகர் மூச்சு இழுக்கும்போதே ஏற்ற வேண்டும். அதற்கு அவர் எப்போது மூச்சு இழுப்பார் என்று தெரிய வேண்டும். இரண்டு வாரத்தில் ஒன்பது பேரின் மூச்சும் எனக்கு மனப்பாடம்.

*

ஆனால் வாத்தியார் அசையவில்லை. அவருடைய எதிர்ப்பு பணத்தைப் பற்றியதல்ல. "குரல் உடம்புலேர்ந்து வரணும்யா. அவ அங்க நிப்பா, குரல் பொட்டிலேர்ந்து வரும். அப்புறம் அவ எதுக்கு அங்க நிக்கணும்?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் 1949லிருந்து இருக்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டியது இது. ஒரே ஒலி இரண்டு திசைகளிலிருந்து சில மில்லி செகண்ட் இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே அது வருவதாகக் காது நம்புகிறது. பின்னால் வருவது 10 டெசிபல் வரை உரக்க இருந்தாலும் அப்படித்தான். இடைவெளி அதிகமானால்தான் எதிரொலியாகப் பிரியும். அதாவது ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால், சத்தம் பெட்டியிலிருந்து வந்தாலும் குரல் வாயிலிருந்து வரும்.

கணக்குப் போட்டேன். அக்கா பெரும்பாலும் நிற்பது ஸ்பீக்கர் வரிசைக்கு 4 மீட்டர் பின்னால். அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 12 மில்லி செகண்ட், அதற்கு மேல் ஒரு 10. மொத்தம் 22. அக்காவின் குரல் மிகவும் மெலிந்தது என்பதால் இன்னொன்றும் வேண்டியிருந்தது. அரங்கப் பொருளாக இருந்த மர அலமாரிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, அக்காவின் குரலை மட்டும் தாமதமில்லாமல் மிகக் குறைந்த அளவில் அதற்கு அனுப்பினேன். அவர் முதுகுக்குப் பின்னால் அவரது குரலே ஒரு நிழல்போல. இதற்கெல்லாம் மேசையில் வெளியீடுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தாமதம் வேண்டும். காம்பாக்டில் எட்டு வெளியீடுகள் உண்டு. தாமதமும் தனித்தனியாக வைக்கலாம்.

ஒருநாள் அரங்கு கிடைத்தபோது வாத்தியாரை ஏழாவது வரிசையில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். அக்காவை மேடையில் மூன்று இடங்களில் நிற்கவைத்துப் பேசவைத்தேன். "குரல் எங்கேர்ந்து வருதுன்னு கை காட்டுங்க சார்." மூன்று முறையும் அவர் கை அக்கா நின்ற பக்கம் போனது. பிறகு சொல்லாமல் தாமதத்தை எடுத்துவிட்டேன். கை நேராக இடது ஸ்பீக்கரைக் காட்டியது. கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். "இது தப்பு. முன்னாடி பண்ணியே, அது என்ன?" என்றார். அவருக்கு 22 மில்லி செகண்டை விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. முழுதாக நம்பினாரா தெரியாது. கடைசி வரிசைக்கு எழுந்து போனார். அக்கா முணுமுணுக்கும் அந்த இரண்டு சொற்களையும் கேட்டார். முப்பது வருடத்தில் முதல்முறையாக, கடைசி மூலையிலிருந்து "கேக்கல" என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த ஒத்திகையில் அவர் சொன்ன திருத்தம் எனக்குத்தான் வந்தது. "அவ அந்த வார்த்தைக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுறா. அதையும் கொஞ்சம் விடு. உடனே மூடாத." மைக்கே வேண்டாம் என்றவர் மூச்சுக்கு இடம் கேட்டார். அந்த மூச்சை நான் பிரதியில் ஒரு வரியாகவே எழுதிவைத்துக்கொண்டேன்.

*

ஓட்டெடுப்பில் ஏழுக்கு நான்கு. எதிராகக் கைதூக்கிய நால்வரும் சொன்னது தவறல்ல. ஒத்திகைக்கு இடம் என்பது குழுவின் வீடு, அதை விட்டுவிட்டு ஒரு பெட்டியை வாங்குகிறோம் என்றார்கள். ஒருமுறை வாங்கிய காது பழகிவிட்டால், நாளைக்கு வரும் இளம் நடிகர்கள் குரலை வளர்க்கவே மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டாவது பயம் எனக்கும் உண்டு. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒத்திகையின் முதல் மாதம் மைக் கிடையாது. கடைசி மூலையில் வாத்தியார் உட்காருவார்.

உங்கள் குழுவும் மேசை தேடினால், பிரதியில் மிகவும் நெரிசலான ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் பாட்டுப் போட்டுக் காட்டுவார், நன்றாகத்தான் இருக்கும். இன்றைக்கு வரும் எந்த மேசையிலும் பாட்டு நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் பக்கத்தை விரித்துவைத்து, வாய்க்குள் வசனம் சொல்லிக்கொண்டே ஃபேடர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பைத்தியம் என்று நினைப்பார்கள். பரவாயில்லை.

எங்களிடம் இப்போது பழையதாக வாங்கிய காம்பாக்ட் ஒன்றும், அதைவிடக் கனமான ஒரு யுபிஎஸ்ஸும் இருக்கின்றன. ஒத்திகைக்கு இடம் இன்னும் இல்லை. ஒரு நண்பரின் மொட்டைமாடிதான். மழை வந்தால் முதலில் மேசையை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறோம். அக்காதான் குடை பிடிப்பார், மேசைக்கு.